சூரியன் வேஷம் கட்டிய ராஜா

முன்னொரு காலத்தில் கடுவனூர்ச் சீமையை வீரகண்டன் என்றொரு ராஜா ஆண்டார். ஆண்டார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. இரண்டையும் ஆணையாகப் போட்டுவிட்டுச் சாயங்காலம் மறந்துபோகிற மகானுபாவர். அவரோடு ஒட்டிக்கொண்டு கனகசபை என்று ஒரு காரியஸ்தர். ராஜா தும்மினால், "ஆகா, என்ன ராகம்!" என்பார். ராஜா வேறு யாரையாவது பார்த்துச் சிரித்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

ஒரு போகியன்று ராஜா மாடியில் நின்று ஊரைப் பார்த்தார். சனங்கள் புதுப்பானை, கரும்பு, மஞ்சள் கொத்து என்று வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தத் தடபுடலெல்லாம் யாருக்கு?" என்றார்.

"சூரியனுக்காம், மகாராஜா! கூத்தைப் பாருங்கள். அவன் பகலில் மட்டும் எட்டிப் பார்க்கிறவன். ஒரு மேகம் வந்தால் ஓடி ஒளிகிறவன். தாங்களோ இராப்பகலாக எங்களுக்கு ஒளி தருகிறீர்கள். நிஜமான சூரியன் தாங்கள்தானே?" என்றார் கனகசபை.

அறிவுள்ளவனாக இருந்தால், "போய்யா, உளறாதே" என்றிருப்பான். நம்ம ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உடனே தண்டோரா: "நாளைக்கு எல்லோரும் அரண்மனையைப் பார்த்துத்தான் பொங்கல் வைக்க வேண்டும். கிழக்கே பார்த்து வைத்தால் மாடுகள் பறிமுதல்!"

அந்த ஊரில் காத்தாயி என்று ஒருத்தி. புருஷன் போன பிறகு ஒற்றையாளாக ஏர் பூட்டிப் பிழைப்பவள். இரண்டு காளைகள்தான் அவளுக்கு எல்லாம். அரண்மனையோ அவள் வீட்டுக்கு மேற்கே இருந்தது. "ஏன், என் நெல்லு அரண்மனை வெளிச்சத்துலயா வெளஞ்சுது?" என்று முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டு, கிழக்கே பார்த்தே பானையை வைத்தாள்.

பால் பொங்கி வழிந்தது. "பொங்கலோ பொங்கல்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் சேவகர்கள் காளைகளை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். கையில் பிடித்த அகப்பையோடு பின்னாலேயே ஓடினாள். விடிந்தால் மாட்டுப் பொங்கல், தொழுவம் காலி. அழுதால் சபையில் சிரிப்பார்கள், எதிர்த்துப் பேசினால் தலை போகும். சரி, இந்த மடையர்களுக்கு ஒத்து ஊதித்தான் பார்ப்போமே என்று அரண்மனைச் சபைக்குள் நுழைந்தாள்.

"ஏய் பெண்ணே! என் ஆணை உனக்கு விளையாட்டா?" என்றார் ராஜா.

"தப்புதான் சாமி. நீங்கதான் சூரியன்னு இந்த மரமண்டைக்கு ஏறல. ஆனா நீங்க இப்படித் திண்டுல சாஞ்சு கெடந்தா சனம் எப்படி நம்பும்? சூரியன்னா ஏழு குதிரை பூட்டின தேருல்ல வரணும்? முன்னால அருணன் உக்காந்து ஓட்டணும்ல?"

ராஜா துள்ளி எழுந்தார். "சபாஷ்! தேரைப் பூட்டுங்கள்! குதிரைக்குப் பஞ்சமில்லை. அருணனாக யார் வருவது?"

"நானிருக்க வேறு எவன் வருவான்?" பக்கத்தில் நின்ற தளபதியை முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார் கனகசபை. "நான்தான் அருணன்!"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க ஐயா."

"பட்டிக்காட்டுக் கழுதை! எனக்கே யோசனை சொல்கிறாயா? அருணன் நான்தான்!"

காத்தாயி ராஜா பக்கம் திரும்பினாள். "ரொம்பப் பொருத்தம் மகாராசா. ஒரே ஒரு கொறைதான். அருணனுக்குத் தொடைக்குக் கீழ காலு கெடையாது. கோயில் தேர்ச் சிற்பத்துல சின்னப் புள்ளகூடப் பாத்திருக்கும். இவரு ரெண்டு காலோட உக்காந்தா, 'சாரதி பொய்யி, அப்ப சூரியனும் பொய்யி'ன்னு ஊரு சிரிக்காதா?"

ராஜா யோசித்தார். அதாவது, மீசையைத் தடவினார். "அதானே! யாரங்கே, வாளைக் கொண்டு வா!"

கனகசபைக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. "மகாராஜா! நான் காலை மடக்கி, மேலே துணியைப் போட்டு மூடி..."

"சூரியனுக்குச் சாரதி ஆகிறாய், கால் என்னய்யா பெரிய கால்? நீட்டு!"

வாள் வந்தது. கனகசபை தடாலென்று விழுந்தார். "ஐயோ, நீங்கள் சூரியன் இல்லை மகாராஜா! சத்தியமாக இல்லை!"

"நேற்று?"

"நேற்றும் இல்லை! என்றைக்குமே இல்லை! உங்களுக்கு இனிக்கட்டும் என்று நான் அளந்த பொய்!"

சபை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. ராஜாவின் முகம் சுண்டிப்போயிற்று. காத்தாயி பக்கம் திரும்பி, "இதை நீயே நேராகச் சொல்லியிருக்கலாமே, பெண்ணே?" என்றார்.

"நான் சொல்லியிருந்தா என் தலை போயிருக்கும் மகாராசா. அவரு காலு போகுதுன்னதும் அவரே சொல்லிட்டாரு."

ராஜா குனிந்த தலை நிமிரவில்லை. அப்படியே ஆணையை ரத்து செய்தார். காத்தாயிக்குக் காளைகளோடு ஏரிக்கரையில் ஒரு வேலி நஞ்சையும் கொடுத்தார். மறுநாள் ஊர் மாடுகள் அத்தனையையும் கனகசபையே குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூச வேண்டும் என்று உத்தரவு. இந்த ஒரு உத்தரவை மட்டும் ராஜா சாயங்காலம் மறக்கவில்லை.

மாட்டுப் பொங்கலன்று ஏரியில் முழங்கால் தண்ணீரில் சாணியும் சேறுமாக நின்றார் கனகசபை. காத்தாயி கரையில் நின்று கரும்பைக் கடித்துத் துப்பினாள்.

"நல்லா குனிஞ்சு தேயுங்க ஐயா. இன்னும் எரநூறு மாடு நிக்குது. காலுதான் ரெண்டும் பத்திரமா இருக்கே!"