முதல் கொடி யாருடையது?

முன்னே ஒரு காலத்தில் ஜப்பான் தேசத்தை அகிதோகி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நினைத்தால் நினைத்ததுதான், அப்படி ஒரு பிடிவாதம். ஒருநாள் திடீரென்று, "கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கொரியா தேசமும் எனக்கு வேணும்" என்றார். அந்தச் சனங்கள் இவருக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. "வேண்டாம் மகாராஜா" என்று சொன்னவர் மந்திரி கென்சாய் ஒருத்தர்தான். யார் கேட்டார்கள்?

படைக்கு இரண்டு தளபதிகள். ஒருத்தர் குரோசே, இன்னொருத்தர் தனாமி. இரண்டு பேரும் பேர்போன சாமுராய்கள். ஆனால் ஒருத்தர் நிழல் மற்றவர்மேல் பட்டாலே வாளை உருவுவார்கள். ராஜா அந்தப் பகையைத் தீர்த்து வைத்தாரா? இல்லையே! "கொரியாவின் தலைநகரத்துக்குள் எவன் கொடி முதலில் நுழையுதோ, அவன்தான் மொத்தப் படைக்கும் தலைவன்" என்று இன்னும் கிளறிவிட்டார்.

இரண்டு பேரும் கடல் தாண்டிப் போய் நுழைந்தார்கள். நகரம் எரிந்தது. ஊரை இழந்த சனம் திருப்பி அடித்தது. அடிக்காமல் என்ன செய்யும்? ஜப்பான் வீரர்கள் மூவாயிரம் பேர் ஒரு கடலோரக் கோட்டைக்குள் மாட்டிக்கொண்டார்கள். சோறு இல்லை. குதிரைச் சேணத்தை அறுத்து மெல்லுகிறார்கள் என்று சேதி வந்தது.

அவர்களைக் காப்பாற்ற வேண்டிய தளபதிகள் எங்கே? ராஜசபையில்! ஊர் திரும்பி, அரிசி ஏற்றிய கப்பல்களைத் துறைமுகத்தில் கட்டிப்போட்டுவிட்டு இங்கே வந்து கத்திக்கொண்டிருந்தார்கள்.

"என் கொடிதான் முதலில் போச்சு!" என்றார் குரோசே.

"உன் கொடியா? நீ ஆத்தங்கரையில் படகு தேடிக்கிட்டு நின்ன ஆளாச்சே!" என்றார் தனாமி.

"படகை எல்லாம் கொளுத்திட்டுப் போனதே நீதானேடா!"

சபையில் சுகேமோன் என்று ஒரு பிரபு. கென்சாயைக் கண்டாலே அவனுக்கு வயிறு எரியும். குரோசே தலைவனானால் மந்திரி பதவி தனக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டு, "நானே என் கண்ணால் பார்த்தேன் மகாராஜா, குரோசேயார் கொடிதான் முதல் கொடி!" என்று சத்தியம் பண்ணினான்.

கென்சாய் எழுந்தார். "மகாராஜா, வழக்கை அப்புறம் பார்க்கலாம். முதலில் கப்பல் கிளம்பட்டும். அங்கே சாகிறார்கள்."

"தலைவர் யாரென்று தெரியாமல் நான் எப்படிப் போறது? ரெண்டாவது ஆளாகவா?" என்றார் குரோசே. "நானும் நகரமாட்டேன்" என்றார் தனாமி.

ராஜாவுக்கோ வேடிக்கை. "என்ன மந்திரியாரே, மிளகாயைக் கடிச்ச மாதிரி முகம்? நாளைக்குத் தீர்ப்புச் சொல்லுவோம், போங்க."

கென்சாய்க்குக் கோபம். நேரே துறைமுகத்துக்குப் போனார். கப்பல் நிறைய அரிசி மூட்டைகள். மூட்டையெல்லாம் ஈரம் ஏறிப் பூசணம் பூத்துக் கிடந்தது. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் அவருக்கு ஒன்று உறைத்தது. கொரியாவின் தலைநகரம் விழுந்த அன்றைக்கு அங்கே களஞ்சியம் நிறைய நெல் இருந்ததே!

மறுநாள் சபையின் நடுவில் ஒரு வெள்ளைப் பாய் விரித்திருந்தது. அதன்மேல் ஒரு குறுவாள்.

"மகாராஜா, தீர்ப்பு ரொம்பச் சுலபம்" என்றார் கென்சாய். "பிடித்த ஊருக்குள் முதலில் நுழைகிறவன்தான் நெற்களஞ்சியத்துக்குக் காவல் போடவேண்டும். இது உங்கள் படைச்சட்டம்தானே?"

"ஆமா, நான் போட்டதுதான்."

"காவல் தவறினால் அவன் தன் வயிற்றைத் தானே கிழித்துக்கொள்ள வேண்டும். அதுவும் நீங்கள் போட்டதுதான். அன்றைக்குக் களஞ்சியம் காவலில்லாமல் எரிந்தது. இன்றைக்குக் கோட்டையில் பட்டினி. முதலில் நுழைந்த மகாவீரர் யாரோ, அவர் முன்னால் வரலாம். பாய் தயாராக இருக்கிறது."

குரோசே தொண்டையைச் செருமினார். "யோசிச்சுப் பார்த்தா... தனாமியார் குதிரை என் குதிரையைவிட வேகம்."

"ஐயையோ!" என்று துள்ளினார் தனாமி. "நான் போறப்பவே அவர் கொடி அங்கே பறந்துக்கிட்டிருந்தது!"

"சுகேமோன் பிரபுவே, நீங்கள்தான் கண்ணால் பார்த்தவர். சொல்லுங்கள்" என்றார் கென்சாய்.

"அன்னிக்குப் பனிமூட்டம் மந்திரியாரே... நான் கொஞ்சம் தூரத்தில்..."

"எவ்வளவு தூரம்? நடுவில் கடலே இருந்ததே! நீங்கள் இந்த ஊர் எல்லையைத் தாண்டினதே கிடையாது!"

சபை சிரித்தது. கென்சாய் சிரிக்கவில்லை. "எதற்குச் சிரிக்கிறீர்கள்? அடுத்தவன் வீட்டுக் கதவை உடைத்ததில் யார் முதல் என்று நேற்றுவரை சண்டை. உயிர் போகும் என்றதும் நான் இல்லை, அவன் என்கிறார்கள். இந்த வாய்களை நம்பித்தானே மூவாயிரம் பேர் அங்கே கிடக்கிறார்கள்!"

ராஜா கொதித்துப்போய் வாளை உருவினார். கென்சாய் குறுக்கே நின்றார். "தலையை வெட்டினால் யாருக்குச் சோறு? இவர்களை அனுப்புங்கள். சாமுராய் முதுகில் சொந்தக் கொடியைக் கட்டிக்கொண்டுதானே சண்டைக்குப் போவான்? இப்போது குரோசே முதுகில் தனாமியின் கொடி. தனாமி முதுகில் குரோசேயின் கொடி. ஒருத்தன் ஓடினால் மற்றவன் பேர் நாறும். ஒருத்தன் ஜெயித்தால் மற்றவனுக்குப் புகழ். பார்க்கலாம்."

"அப்படியே செய்!" என்றார் ராஜா. "கண் ரொம்பக் கூர்மையான சுகேமோனைப் பாய்மரத்து உச்சியில் உட்கார வை. அங்கேயிருந்து பார்க்கட்டும்."

அன்றே கப்பல்கள் கிளம்பின. தன் கொடியைச் சுமக்கிறவன் கோழை என்று பேர் வாங்கிவிடக் கூடாதே என்று இருவரும் ஒருத்தரை ஒருத்தர் விடாமல் காத்துக்கொண்டு போனார்கள். கோட்டையில் இருந்தவர்களைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஆனால் பாதிப்பேர்தான் மிச்சம். இறங்க முடியாமல் இறங்கினார்கள். கஞ்சிக் கிண்ணத்தைப் பிடிக்கக்கூடக் கையில் பலமில்லை.

ராஜா துறைமுகத்துக்கே வந்திருந்தார். "கென்சாய், உன் புத்திக்கு என்ன வேணுமோ கேள்."

"கொரியாவில் மற்ற இடங்களில் மிச்சமிருக்கிற படையையும் திரும்பக் கூப்பிடுங்கள். அந்தச் சனங்கள் எரிந்த வீட்டைக் கட்டிக்கொள்ளட்டும்."

"தங்கம் கேளய்யா! நிலம் கேள்!"

"வேறே ஒன்றும் வேண்டாம்."

ராஜாவின் முகம் சிவந்தது. பக்கத்தில் ஒரு வீரன் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டு, மண்ணில் சிந்திய கஞ்சியை வழித்து வாயில் வைத்தான். ராஜா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி, கூப்பிடு" என்று வாய்க்குள்ளேயே சொன்னார்.

"படை கிளம்பு என்றபோது ஊருக்கே கேட்டது மகாராஜா" என்றார் கென்சாய். "இதையும் அப்படியே சொல்லுங்கள்."

சொன்னார்.