பாவாயி வளைவு

அந்த வளைவில் எங்கள் மடத்து வேனுக்கு முள் இறங்கும்.

ஊர் உலகத்தில் எந்த வண்டிக்கும் இப்படி இல்லை. மேடு ஏற ஏற இன்ஜின் சூடாகும், சூடு காட்டுகிற முள் மேலே போகும். எங்கள் வேனும் அடிவாரத்திலிருந்து முக்கி முனகி அப்படித்தான் ஏறி வரும். ஆனால் சுனைக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தச் செங்குத்து வளைவில் திரும்பியதும், யாரோ விரலால் அழுத்தியது மாதிரி முள் கீழே படுத்துவிடும். முன்கண்ணாடி மங்கும். வண்டிக்குள் வெல்லப் பாகு வாசனை வரும்.

உச்சி வெயில். ஒரு குருவிச் சத்தம் கிடையாது. சுற்றிலும் பாறை. அங்கே எவள் அடுப்பு மூட்டிப் பாகு காய்ச்சுகிறாள்? ஏறி வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஒருவர் மெதுவாகச் சொல்வார்:

"பாவாயி வந்துட்டா."

எல்லோரும் கும்பிடுவார்கள்.

பாவாயி, வேன் ஓட்டுகிற ராக்கியண்ணனின் மனைவி. மடத்தில் பாகு காய்ச்சிக் கடலை உருண்டை பிடித்துக்கொண்டிருந்தவள். போன ஆடியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ராக்கியண்ணன் அவளைப் பின்சீட்டில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு இறக்கினார். அந்த வளைவில் சுனைத் தண்ணீர் விழுகிற சத்தம் அவள் காதில் விழுந்திருக்கிறது.

"ஒரு வாய் தண்ணி குடுங்க," என்றாள்.

"கீழ போயிக் குடிச்சுக்கலாம். கம்முனு படு," என்றார் இவர்.

கீழே போய்க் கதவைத் திறந்தபோது அவள் கம்மென்றுதான் படுத்திருந்தாள்.

அதற்குப் பிறகு ராக்கியண்ணன் அந்த வளைவில் ஒருநாளும் வண்டியை நிறுத்தியதில்லை. அழுததும் இல்லை. பாடை தூக்கியபோதுகூட அழவில்லை. "மனுசனா இவன், கல்லு!" என்று அன்றைக்கு ஏசினார்கள். முள் இறங்க ஆரம்பித்ததும், "ஆளு பக்குவப்பட்டுட்டாரு" என்றார்கள். நம் சனங்களுக்கு என்ன, இரண்டையும் ஒரே வாயால்தான் சொன்னார்கள்.

எங்கள் மடத்துக்குக் குரு ஒரு பெண். சாமியம்மா என்போம். ராக்கியண்ணனை விட இருபது வயதாவது இளையவர். நாமக்கல் பக்கம் லாரிப் பட்டறையில் பிறந்து வளர்ந்து, பிறகு காவி கட்டியவர். தீட்சை கொடுத்த பிறகும் ராக்கியண்ணனை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அவரும் சாமியம்மா காலில் விழுந்துதான் எழுவார்.

ஒருநாள் காலையில் விழுந்தவர் எழவில்லை.

"என்னங்கண்ணா?"

"ஒண்ணு கேக்கணுமுங்கம்மா. பாவாயி என்னை மன்னிச்சுட்டாளுங்களா?"

"உங்களுக்கு எப்படித் தோணுது?"

"மன்னிச்சுட்டான்னுதானுங்க தோணுது. இல்லாட்டி எதுக்கு அந்த எடத்துல வந்து இன்ஜினைக் குளுர வெக்கறா? எனக்கும் உள்ள அப்படியே குளுந்து கெடக்குதுங்க. வலின்னு ஒண்ணு கெடையாது. ஆனாலும் நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா நிம்மதியாச் செத்துப் போவனுங்க."

சாமியம்மா அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

"இன்னைக்கு நானும் வண்டியில வர்றேன்," என்றார்.

மத்தியானம் அடிவாரத்திலிருந்து வேன் ஏறியது. முன்சீட்டில் சாமியம்மா. பின்னால் ஏழெட்டுப் பேர். பாவாயி படுத்திருந்த கடைசி சீட்டில் யாரும் உட்காரவில்லை. அங்கே யாரும் உட்காருவதில்லை.

வளைவு வந்தது. முள் படுத்தது. கண்ணாடியில் வெள்ளையாக ஆவி படர்ந்தது. பாகு வாசனை, மூக்கருகில் சட்டியை நீட்டினது போல வந்தது. பின்னால் ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"நிறுத்துங்கண்ணா," என்றார் சாமியம்மா.

ராக்கியண்ணன் நிறுத்தவில்லை. அவர் கால் ஆக்சிலரேட்டரை மிதித்தது. சுனைச் சத்தம் ஜன்னலோரமாக வந்து பின்னால் போனது.

மடத்து வாசலில் தரை சமமானதும் முள் விருட்டென்று எழுந்து சிவப்பில் போய் நின்றது.

"தெனமும் இப்படித்தானா?"

"ஆமாங்க. மடம் வந்ததும் அவ எறங்கிப் போயிருவாளுங்க. ஒடனே சூடேறிக்கும். நான் தண்ணி ஊத்தி வெச்சுருவேன்."

பானெட்டைத் தூக்கி ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார். சாமியம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சூட்டுல தொறந்தா மூஞ்சி வெந்துரும். ஆறட்டும்."

இரண்டு பேரும் வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்கள். வண்டிக்குள் டக், டக் என்று சத்தம் வந்தது. சற்று நின்று மறுபடி வந்தது.

"உள்ளார ஆரோ தட்டறாங்களே அம்மா."

"இரும்பு ஆறுது."

ராக்கியண்ணன் நம்பின மாதிரி தெரியவில்லை. கடைசி சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சூடு தணிந்த பிறகு சாமியம்மா மூடியைத் திறந்தார். விரலை விட்டார். காய்ந்த விரல் வெளியே வந்தது. ஒரு குச்சியை விட்டார். நுனியில் மட்டும் ஈரம்.

"காலையிலதானுங்க கழுத்து முட்ட ரொப்புனேன்!" என்றார் ராக்கியண்ணன்.

சாமியம்மா வண்டிக்கு அடியில் படுத்து ரேடியேட்டரின் அடித் திருகைக் கழற்றினார். மிச்சம் இருந்தது ஒழுகியது. சிவப்பாக, ஆரத்தித் தட்டில் கரைத்த தண்ணீர் மாதிரி, மண்ணில் ஓடி ராக்கியண்ணனின் காலைத் தொட்டது. அவர் ஐயோ என்று பின்வாங்கினார்.

"மஞ்சத்தூள் போட்டீங்களா?"

"லேசா ஒழுகுச்சுங்க. அடைக்கறதுக்கு நம்ம டிரைவருங்க எல்லாரும் போடறதுதானுங்களே."

"அது ஓட்டையை விட்டுட்டுக் குழாயெல்லாம் அடைச்சிருக்கு. துருவும் சேர்ந்து சிவந்திருக்கு."

"அது கெடக்கட்டுமுங்க. தண்ணி இல்லைன்னா முள் ஏறத்தானுங்களே வேணும்? எதுக்கு எறங்குது?"

"முள்ளுக்கு இன்ஜின் சூடு தெரியாதுங்கண்ணா. தண்ணியோட சூடுதான் தெரியும். அந்தச் செங்குத்து வளைவுல வண்டி மூக்கைத் தூக்குறப்ப, இருக்கற கொஞ்சத் தண்ணியும் பின்னால போயிருது. முள்ளுக்குத் தொட்டுப் பார்க்க ஒண்ணும் இல்லை. படுத்துக்குது. உள்ள இன்ஜின் வெந்துட்டுத்தான் இருக்கு."

ராக்கியண்ணன் விடவில்லை.

"அந்த வாசனைங்க?"

"இன்ஜின் சூட்டைத் தணிக்கப் போன வருசம் நான் ஊத்துன கூலண்ட். சூட்டுல சொட்டுனா இனிப்பா வாசம் அடிக்கும்."

"கண்ணாடி மங்கறது?"

"ஆவி."

அவர் காலடியில் காய்ந்துகொண்டிருந்த சிவப்பைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அப்ப அது அவ இல்லீங்களா?"

"அது ரேடியேட்டருங்கண்ணா. மாத்தணும்."

அந்த மனிதர் அப்போது கெஞ்சிய கெஞ்சல் இருக்கிறதே, கல்லென்று ஏசியவர்கள் கேட்டிருக்க வேண்டும். "வேண்டாமுங்கம்மா. இதையே ஒட்டுப் போட்டுக்கலாம். ஆளை ஏத்தலை, நான் மட்டும் ஓட்டிக்கறேன். என்ன ஆனாலும் எனக்கே ஆகட்டும். இதைக் கழட்டுனா அவ வர்றது நின்னு போயிருமுங்க. எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு வளைவுதானுங்க!"

"நீங்க ஆளை ஏத்தலைன்னா கையை நீட்டி நிறுத்தி ஏறிக்குவாங்க. பாவாயி வர்ற வண்டியாச்சே. பௌர்ணமிக்குப் புள்ளைகுட்டியோட வருவாங்க. அந்த ஏத்தத்துல இன்ஜின் இறுகி நின்னா வண்டி பின்னால உருளும். பின்னால என்ன இருக்கு?"

"பள்ளமுங்க."

"ஓஸ் குழாய் கிளிப்பைக் கழட்டுங்கண்ணா."

அவர் கழற்றினார். மேல் ஓஸ், அடி ஓஸ், ஃபேன் கூடு, கடைசியாக அந்தப் பழைய ரேடியேட்டர். அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்தில் சாய்த்து வைத்தார். இன்ஜினுக்குள்ளும் சிவப்பு போய்த் தெளிவாக வரும்வரை தண்ணீர் விட்டு அலசினார்கள். டவுனிலிருந்து புது ரேடியேட்டர் வந்தது, ஓஸும் மூடியும் புதிதாக வந்தன. எல்லாம் பூட்டிய பிறகு, மூடியைத் திறந்து வைத்து இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, ராக்கியண்ணன் கையாலேயே பச்சைக் கூலண்டை ஊற்றச் சொன்னார் சாமியம்மா.

கொஞ்சம் ஊற்றியதும் உள்ளேயிருந்து சத்தம் வந்தது. மடக், மடக், மடக். நாள் கணக்காகத் தாகத்தோடு கிடந்த ஒருவர் வாய் எடுக்காமல் குடிக்கிற சத்தம். ராக்கியண்ணனின் கை அப்படியே நின்றது.

"ஆருங்கம்மா குடிக்கறது?"

"உள்ள சிக்குன காத்து வெளிய வருது."

சத்தம் நின்றது. ஊற்றியதெல்லாம் உள்ளே இறங்கிப் போயிருந்தது.

"இன்னும் ஊத்துங்க," என்றார் சாமியம்மா. "கேக்கற வரைக்கும் ஊத்துங்கண்ணா."

மறுநாள் மத்தியானம் இரண்டு பேர் மட்டும் வண்டியை அடிவாரத்துக்கு இறக்கி, திருப்பி ஏற்றினார்கள். ராக்கியண்ணன் ரோட்டைப் பார்த்ததை விட முள்ளைப் பார்த்ததுதான் அதிகம். முள் பாதியில் ஏறி நின்றது. அதற்கு மேல் போகவில்லை. வளைவு நெருங்க நெருங்க அவர் உதடு முணுமுணுத்தது. "வந்துரு தாயி. ஒரே ஒரு வாட்டி வந்துரு."

வளைவு திரும்பியது.

முள் அசையவில்லை. கண்ணாடி பளிச்சென்று இருந்தது. புது ரப்பர் வாசனை தவிர வேறு வாசனை இல்லை.

அவர் பிரேக்கை மிதித்தார். ஆடியிலிருந்து முதல்முறையாக அந்த இடத்தில் வண்டி நின்றது. சாமியம்மா கீழே இறங்கிப் பின்சக்கரத்துக்கு ஒரு கல்லைப் போட்டார். இன்ஜினை அணைத்ததும் சுனைச் சத்தம் மட்டும் கேட்டது. அது அத்தனை பக்கத்திலா இருந்தது! நாலு எட்டு வைத்தால் தொட்டுவிடலாம்.

"வரலீங்கம்மா," என்றார்.

சாமியம்மா சுனைப் பக்கம் திரும்பினார்.

ராக்கியண்ணன் இறங்கினார். வண்டியில் கிடந்த சொம்பை எடுத்துக்கொண்டு சுனைக்குப் போனார். நிரப்பிக்கொண்டு வந்து பின்கதவைத் திறந்தார். காலியாக இருந்த கடைசி சீட்டுக்கு முன்னால், தலையைத் தாங்கிக் குடிக்கக் கொடுப்பதுபோல ஒரு கையைக் கீழே கொடுத்து, மறு கையால் சொம்பை நீட்டினார்.

"குடி பாவாயி."

தண்ணீர் சீட்டில் சிந்தியது.

"கீழ போயிக் குடிச்சுக்கலாம்னு சொன்னனே! நாலு எட்டுல இருந்துச்சே! பாவி, நான் பாவி..."

வந்தது அழுகை. அப்படியொரு அழுகை. மார்பில் அறைந்துகொண்டு, சீட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மூக்கும் வாயும் ஒழுக அழுதார். பாறையில் பட்டு அந்தச் சத்தம் திரும்பி வந்தது. சாமியம்மா அவரைத் தொடவில்லை, தேற்றவில்லை. ரோட்டோரமாக நின்றுகொண்டிருந்தார்.

"தாங்கலீங்கம்மா. உள்ள கொதிக்குதுங்க. இத்தனை நாளா இல்லாம இப்பப் போயிக் கொதிக்குதுங்களே!"

"கொதிக்கட்டுங்கண்ணா."

அழுது ஓய்ந்து அவர் தலையைத் தூக்கியபோது, சட்டென்று அவர் மூக்கு விடைத்தது.

பாகு வாசனை.

மெலிதாக வந்து, பிறகு வண்டி முழுக்க நிறைந்தது. ராக்கியண்ணன் பதறி எழுந்தார். அவருக்கு இப்போது விவரம் தெரியுமல்லவா?

"அம்மா, வாசனை வருதுங்க! உங்களுக்கு வருதுங்களா? புது ரேடியேட்டரும் ஒழுக ஆரம்பிச்சிருச்சுங்களா?"

சாமியம்மாவும் மூச்சை இழுத்துப் பார்த்தார். அவர் கை மயிர் சிலிர்த்திருந்தது. பிறகு ராக்கியண்ணனின் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். ரேடியேட்டரின் அடியைத் துடைத்தார். இரண்டு ஓஸையும் துடைத்தார். ஒவ்வொரு கிளிப்பையும் சுற்றித் துடைத்தார். வெளியே வந்து பானெட்டைத் தூக்கி மூடியையும் துடைத்தார்.

துண்டை விரித்து ராக்கியண்ணனின் இரண்டு கையிலும் வைத்தார். தூசி இருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"இது ரேடியேட்டர் இல்லைங்கண்ணா," என்றார்.