கடைசிப் பக்கத்தைக் கிழித்த கீரி

மருதமர நூலகத்தில் கோடை வாசிப்பு முகாம் தொடங்கிய அன்றைக்கே, கீரி சிங்காரத்துக்கு வயிற்றெரிச்சலும் தொடங்கிவிட்டது.

முதலில் நூலகத்தைச் சொல்லிவிடுகிறேன். காட்டுக்கு நடுவே, கோடையில் வற்றிக் கிடக்கும் ஓடைக்கரையில், ஒரு பெரிய மருதமரம். அதன் அடிப்பொந்துதான் நூலகம். காட்டைச் சுற்றிப் பார்க்க வந்த மனிதர்கள் மறந்துவிட்டுப் போன புத்தகங்கள் அங்கே இருந்தன. அவர்கள் மறக்காத சிலவற்றையும் குரங்குகள் கொண்டுவந்து சேர்த்திருந்தன. நூலகர் செங்கமலம் ஒரு முள்ளம்பன்றி. "எங்கே எடுத்தீர்கள்?" என்று அவள் குரங்குகளைக் கேட்பதே இல்லை. கேட்டால் அடுத்த புத்தகம் வராதே!

முகாம் விடலைகளுக்கானது. குட்டி என்று கொஞ்சவும் முடியாது, பெரியவர் என்று வேலை சொல்லவும் முடியாது, அந்த வயசுக்காரர்கள். கோடை வந்தால் போதும், இவர்கள் தேன்கூட்டில் கல்லை விட்டெறிந்து அம்மாக்களின் உயிரை வாங்குவார்கள். அதனால் செங்கமலம் தன் முள்ளையே ஆணியாக அடித்து மரத்தில் அறிவிப்பைத் தொங்கவிட்டாள். காலையில் வாசிப்பு. மதியம் கள்ளிப்பழச் சாற்றில் அட்டைப்படம் வரைதல். வெயில் தாழ்ந்ததும் நாடகம். கடைசி நாள் கதை சொல்லும் விழா.

அந்த விழாவுக்குக் காடே வரும். முகாமில் இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டுக் கூட்டத்துக்குக் கதையாகச் சொல்ல வேண்டும். எந்தக் கதையில் கூட்டம் சொக்கிப்போய் உட்கார்ந்திருக்கிறதோ, அதைச் சொன்னவருக்கு ஜன்னல் பொந்து கிடைக்கும். நூலகத்தில் ஓடைக்காற்று வரும் ஒரே இடம் அது. வருஷம் முழுக்க அங்கே உட்காரலாம். புதுப் புத்தகம் எது வந்தாலும் முதலில் அந்தக் கைக்குத்தான் போகும்.

போன கோடையில் ஜன்னல் பொந்து சிங்காரத்துக்கு. அதற்கு முந்தின கோடையிலும் அவனுக்கே. அதை அப்பன் வீட்டுச் சொத்து என்றே நினைத்துக்கொண்டிருந்தான். மீசையை நீவிவிட்டுக்கொண்டு அவன் அங்கே உட்கார்ந்து படிக்கும் அழகைப் பார்க்கவே முயல் சின்னானும் மற்றவர்களும் கீழே கூடுவார்கள். "இது என்ன கதைடா?" என்று கேட்பார்கள். அவன் போனால் போகிறது என்று கொஞ்சம் சொல்லுவான்.

இந்த வருஷம் பூவாயி வந்து சேர்ந்தாள்.

பூவாயி காட்டுப்பன்றிப் பெண். மலைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் வற்றிவிட்டதால் குடும்பத்தோடு இங்கே வந்தவள். சேற்றில் புரள்வதுதான் அவர்களுக்குக் குளியல். முதல் நாளே சிங்காரம் செங்கமலத்திடம் போய், "அக்கா, இவ மூக்குல எல்லாம் சேறு. புத்தகம் பாழாப்போயிடும்" என்று வத்தி வைத்தான். செங்கமலம் பூவாயியைக் கூப்பிட்டு, மூக்கைக் கழுவிக்கொண்டு வா என்றாள். அவள் கோபித்துக்கொள்ளவே இல்லை. ஊற்றுக்குப் போய்க் கழுவினாள், தேக்கிலையில் துடைத்தாள், அப்புறம்தான் புத்தகத்தைத் தொட்டாள். அன்றிலிருந்து தினமும் அப்படியே செய்தாள். சிங்காரத்துக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

பூவாயிக்கு வேகமாகப் படிக்க வராது. எழுத்துக்கூட்டி, வாய்விட்டுத்தான் படிப்பாள். குரங்குகள் அந்தக் கோடையில் புதிதாகக் கொண்டுவந்து, சிங்காரம் பிரிக்காமலே தள்ளிவிட்ட ஒரு புத்தகத்தை எடுத்தவள், அதையே கட்டிக்கொண்டு கிடந்தாள். அந்தப் புத்தகத்தை அவளுக்கு முன்னால் யாரும் பிரித்ததில்லை. சிங்காரமோ ஒன்றை முடித்து இன்னொன்று, அதை முடித்து வேறொன்று என்று பறந்துகொண்டிருந்தான். "ஒரு கோடைக்கு ஒரு புத்தகமா! நல்லா உருப்பட்ட மாதிரிதான்" என்று சின்னானிடம் சொல்லிச் சிரித்தான்.

சின்னான் சிரிக்கவில்லை. "இல்லடா, அவ படிக்கிறப்போ கேட்டிருக்கியா?" என்றான்.

ஏன் கேட்காமல்? காதில் விழுந்துகொண்டுதானே இருந்தது! கதையில் மழை வந்தால் பூவாயி சிலிர்ப்பாள். யாராவது அழுதால் அவளும் மூக்கை உறிஞ்சுவாள். சிரிப்பு வந்தால் வயிறு குலுங்கிப் புத்தகமே கீழே விழும். முதலில் ஒரு மான்குட்டி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. பிறகு குரங்குகள். ஒருநாள் சிங்காரம் ஜன்னல் பொந்திலிருந்து கீழே எட்டிப் பார்த்தான். சின்னானையே காணோம். அவனும் பூவாயி பக்கத்தில், காதை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சிங்காரம் தன் புத்தகத்தைப் பட்டென்று மூடினான். அத்தனை புத்தகம் படித்தவன் நான், இந்தச் சேற்று மூஞ்சிக்கு இவ்வளவு கூட்டமா என்று பொருமினான். இந்த வருஷம் ஜன்னல் பொந்து கையை விட்டுப் போய்விடும் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்துபோயிற்று. இடம் போவதுகூடப் பெரிதில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் இனி அண்ணாந்து பார்க்க மாட்டார்கள். அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

விழா நெருங்கியது. உச்சிவெயிலில் பூவாயி சேற்றுக்குப் போவாள். மற்றவர்கள் நுங்கு தின்னப் போவார்கள். செங்கமலம் ஒரு குட்டித் தூக்கம் போடுவாள். அப்படி ஒரு மதியம் சிங்காரம் மெல்ல இறங்கி வந்தான். பூவாயியின் புத்தகம் பாயில் கவிழ்ந்து கிடந்தது; கடைசி ஏடு மட்டும்தான் அவள் படிக்கப் பாக்கி. சரக்கென்று கடைசி ஏட்டைக் கிழித்தான். முடிவு தெரியாதவள் எப்படிக் கதை சொல்லுவாள் என்று பார்த்துவிடலாம்!

கிழித்தவன் அதை அப்படியே தூர எறிந்திருந்தால் பிழைத்தான். ஆனால் அவன் படிக்கிற ஜாதி ஆயிற்றே, கையில் எழுத்து இருந்தால் கண் சும்மா இருக்குமா? புதருக்குள் உட்கார்ந்து படித்தான். படித்து முடித்ததும் அவன் மீசை நடுங்கியது. எவ்வளவு நல்ல முடிவு! இன்னொரு தரம் படித்தான். பிறகு அதைச் சுருட்டிப் பக்கத்திலிருந்த கறையான் புற்றுக்குள் திணித்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி வந்து உட்கார்ந்துகொண்டான்.

பக்கம் இல்லை என்று தெரிந்ததும் பூவாயி தவித்துப்போனாள். பாயைப் புரட்டினாள், சருகைக் கிளறினாள், மருதமரத்தைச் சுற்றி மண்ணையெல்லாம் மூக்கால் கிண்டிப் பார்த்தாள். காற்றில் பறந்திருக்கும், வேறு புத்தகம் எடுத்துக்கொள் என்று செங்கமலம் சொன்னாள். அதற்கு அவள் மனசு ஒப்பவில்லை. கடைசியில் சிங்காரத்திடமே வந்து நின்றாள்.

"நீ எவ்வளவோ படிச்சவன். இந்தக் கதை எப்படி முடிஞ்சிருக்கும்னு நினைக்கிற?"

சொல்லு சொல்லு என்று சிங்காரத்தின் நாக்கு துடித்தது. ஒரு நல்ல கதையைப் படித்துவிட்டு யாரிடமும் மூச்சுவிடாமல் இருப்பது லேசுப்பட்ட காரியமா? இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, "எனக்கென்ன தெரியும்?" என்று திரும்பி உட்கார்ந்தான்.

விழா நாள் சாயங்காலம் ஓடை மணலில் காடே வந்து உட்கார்ந்தது. சிங்காரம்தான் முதலில் எழுந்தான். ஒரு தடிப் புத்தகத்தை மடமடவென்று ஒப்பித்தான். கூட்டம் கைதட்டியது. கை இல்லாதவர்கள் வாலைத் தட்டினார்கள். மரியாதைக்குத் தட்டினார்கள் என்பது அவனுக்கே புரிந்தது. போகட்டும், அடுத்து வருகிறவள் பாதியில் நின்று முழிக்கப்போகிறாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

பூவாயி வந்தாள். ஆற்றின் நடுவே ஒரு திட்டு, அதில் ஒரு குடிசை, பேச்சி என்று ஒரு பெண், அவளுக்கென்று ஒரே ஒரு ஆடு என்று தொடங்கினாள். குடிசைக் கூரையில் படர்ந்த சுரைக்கொடியையும், காய்ந்து தொங்கும் குடுக்கைகளையும், அதன் நிழலில் ஆடு தூங்குவதையும் சொன்னாள். அப்புறம் மழை வந்தது. வெள்ளம் வந்தது. குடிசை வாசல்வரை தண்ணீர் ஏறியது. யானைகூடக் காதை ஆட்டுவதை நிறுத்திவிட்டது.

"படகுக்காரன் வந்துட்டான். ஆனா சின்னப் படகு. இன்னும் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம். பேச்சி ஆட்டைப் பார்க்கிறா. ஆடு பேச்சியைப் பார்க்குது." பூவாயி நிறுத்தினாள். "இதுக்கு மேல ஏடு இல்லை. எங்கேயோ போயிடுச்சு. நான் தேடாத இடம் இல்லை."

சிங்காரத்துக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அது ரொம்ப நேரம் நிலைக்கவில்லை.

பூவாயி, முடிவை நீங்களே சொல்லுங்களேன் என்று கூட்டத்தைக் கேட்டுவிட்டாள்! அவ்வளவுதான், மணலே அமளிதுமளிப்பட்டது. மழை சட்டென்று நின்றுவிட்டது என்றது மான். ஆட்டை என் பொறுப்பில் விட்டுவிட்டுப் பேச்சி படகில் ஏறட்டும் என்றது நரி. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானாக இருந்தால் இரண்டு பேரையும் தும்பிக்கையால் தூக்கி வந்திருப்பேன் என்றது யானை. படகுக்காரன் இறங்கிக்கொண்டு அவர்களை அனுப்பிவிட்டான் என்று சின்னான் சொன்னதும், "அதுதான்! அதுதான்!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது.

ஒவ்வொரு தப்பான முடிவும் சிங்காரத்தின் உடம்பில் முள்ளாகத் தைத்தது. கூரையில் தொங்கியதை ஒருத்தருக்காவது ஞாபகம் இருக்கிறதா பார்! அவன் உட்கார்ந்தான், எழுந்தான், வாலைக் கடித்துக்கொண்டான்.

"சரி, சின்னான் சொன்ன மாதிரியே முடிச்சுக்கலாமா?" என்றாள் பூவாயி.

"இல்லவே இல்லை!" என்று சிங்காரம் கத்தினான். "சுரைக்குடுக்கையை மறந்துட்டீங்களே! பேச்சி ஆட்டைப் படகுல ஏத்திட்டு, குடுக்கை ரெண்டை இடுப்புல கட்டிக்கிட்டு, படகுக் கயித்தைப் பிடிச்சபடி மிதந்தே கரைக்கு வந்துட்டா. கரையேறினதும் ஆடு அவ அழுத கன்னத்தை நக்குது. 'உப்புக் கரிக்குதா?'ன்னு கேக்கறா. அதோட கதை முடியுது. கடைசிப் பக்கத்துல அப்படித்தான் போட்டிருக்கு!"

கூட்டம் "ஆகா!" என்று வாய் பிளந்தது. பிறகு அந்தக் கடைசி வார்த்தைகள் ஒவ்வொருத்தர் காதிலும் இறங்கின. எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின.

செங்கமலத்தின் முள் அத்தனையும் நிமிர்ந்து நின்றது. "அந்தப் பக்கம் எங்கே?"

சிங்காரம் தலையைத் தொங்கப்போட்டான். கறையான் புற்றில் என்று முனகினான். ஓடிப்போய்ப் பார்த்தார்கள். கறையான்கள் ஓரத்துக் காகிதத்தைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

"பொறாமைதான்" என்றான் அவன். "எல்லாரும் அவகிட்டப் போனதைத் தாங்க முடியலை."

பூவாயி திட்டவில்லை. "உன்கிட்டயே வந்து கேட்டேனே, சிங்காரம்" என்று மட்டும் சொன்னாள். கூட்டம் மொத்தமும் காறித் துப்பியிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஜன்னல் பொந்து பூவாயிக்குப் போயிற்று. பாதி உடம்புதான் உள்ளே நுழைந்தது, மீதி வெளியே நின்றது. அதனாலென்ன, பொந்தையே பெரிதாக்கிவிடுகிறோம் என்று மரங்கொத்திகள் வேலையில் இறங்கிவிட்டன.

செங்கமலம் சிங்காரத்தை நூலகத்தை விட்டு விரட்டவில்லை. "அந்தப் பக்கம் இப்போ உன் மண்டைக்குள்ளதான் இருக்கு. இனிமே அந்தப் புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் நீதான்" என்று சொல்லிவிட்டாள்.

அந்தக் கதை பிரபலமாகிவிட்டதால் புத்தகம் கைக்குக் கை மாறிக்கொண்டே இருந்தது. முடிக்கிற ஒவ்வொருத்தரும், "சிங்காரம், கடைசிப் பக்கம்!" என்று கூப்பிடுவார்கள். அவனும் போய்க் குடுக்கையையும் ஆட்டையும் உப்பையும் ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லுவான். நன்றாகவே சொல்லுவான். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆகா என்பார்கள். சொன்னவனுக்கும் ஒரு நிமிஷம் உச்சி குளிரும். அடுத்த நிமிஷம் எல்லோரும், தெரிந்திருந்தும், ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"ஆமா, அந்தப் பக்கத்தை யார் கிழிச்சது?"

"நான்தான்" என்பான் சிங்காரம்.

அடுத்தவர் பெருமையைப் பொறாமையால் கிழிக்கிறவர், அந்தக் கிழிசலுக்குக் காலமெல்லாம் தானே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.