தள்ளிப்போட்ட ரசம்

முன்னொரு காலத்தில், ஒரு கிண்ணம் ரசத்துக்காக ஒரு ராஜ்யத்தின் சட்டமே மாறிய கதை இது.

அந்த ராஜ்யத்து அரண்மனைச் சமையற்காரர் மாசிலாமணிக்கு வயது அறுபத்திரண்டு. அவர் வைக்கும் மிளகு ரசம் இல்லாமல் மன்னருக்குப் பகல் சாப்பாடு இறங்காது. அவர் ஒருநாள் கைகட்டி நின்று, "மகாராஜா, இனிமே வீட்டோட இருக்கலாம்னு பாக்குறேன்" என்றதும் மன்னருக்கு நாளைய சாப்பாட்டுக் கவலை வந்துவிட்டது. மிரட்டி நிறுத்தவும் மனம் வரவில்லை. மறுநாளே ஊரெங்கும் தண்டோரா போடச் சொன்னார். அறுபது தாண்டியவர்கள் ஓய்வை ஓராண்டு தள்ளிப்போட்டால் ஒரு பசு, ஈராண்டு தள்ளிப்போட்டால் இரண்டு, மூன்றாண்டுக்கு நான்கு. இப்படியே இரட்டித்து, ஐந்தாண்டு முடிந்தால் பதினாறு பசுக்களோடு யானைமேல் ஊர்வலமும் உண்டு.

யானைப்பாகர் சரி என்றார். வாயிற்காவலரும் சரி என்றார். யாருக்காகச் சட்டம் போட்டார்களோ அந்த மாசிலாமணி மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்.

மந்திரி உத்தமசீலருக்குப் பெயரில்தான் சீலம். அரசவை விகடர் பிச்சாண்டி வாயைத் திறந்தாலே மன்னர் சிரிப்பதைக் கண்டு நெடுநாளாகப் புழுங்கிக்கொண்டிருந்தவர், இதுதான் சமயமென்று எழுந்தார்.

"அரசே, சமையற்காரரைப் பிச்சாண்டி நிறுத்திக் காட்டட்டும். ஆனால் பேசியே மயக்குவது பெரிய காரியமல்ல. மாசிலாமணியிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் செய்ய வேண்டும். முடியாவிட்டால் இவரும் அவரோடு ஓய்வு பெறட்டும்."

ரச ஏக்கத்தில் இருந்த மன்னர் தலையசைத்துவிட்டார்.

மறுநாள் காலை பிச்சாண்டி சமையற்கட்டுக்கு வந்து ஒரு மணையில் உட்கார்ந்தார். வாயே திறக்கவில்லை. ஊரறிந்த வாயாடி எதிரே ஊமையாக உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் பேசத் தோன்றாது?

"என்னங்கய்யா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று தொடங்கினார் மாசிலாமணி. அம்மியில் மிளகைப் பொடித்துக்கொண்டே மனதையும் கொட்டினார். "கல்யாணமாகி நாப்பது வருஷம். ஒரு மத்தியானம் குழந்தையம்மாளோட உக்காந்து சாப்பிட்டதில்ல. நான் வீடு போறதுக்குள்ள விளக்கு வெச்சிடுவா. அவளுக்கு முன்பல்லு ரெண்டு போச்சு, எனக்கு முழங்கால் போச்சு. அஞ்சு வருஷம் கழிச்சு வர்ற யானை மேல யாருங்க ஏறுறது? பதினாறு மாட்டுக்கு யாரு புல்லு போடுறது?"

கண் கலங்கியது. மிளகின் மேல் பழியைப் போட்டார். பிச்சாண்டி அவர் கையை ஒருமுறை அழுத்திவிட்டு எழுந்து போனார்.

நண்பகல் ஆயிற்று. மன்னர் இலைமுன் உட்கார்ந்தார். மாசிலாமணி ஆவி பறக்க ரசத்தைக் கொண்டுவந்தபோது பிச்சாண்டி குறுக்கே வந்தார்.

"கை வைக்காதீர்கள் அரசே! சாப்பாட்டை ஒரு நாழிகை தள்ளிப்போட்டால் இரண்டு இலை."

"இதென்ன விளையாட்டு?"

"தங்கள் ஆணைதான். தள்ளிப்போடுபவருக்குப் பரிசு இரட்டிப்பு."

மந்திரி பார்த்துக்கொண்டிருக்கையில் முடியாது என்று சொல்ல மன்னரின் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. ஒரு நாழிகை கழித்து இரண்டு இலை போட்டார்கள். இன்னொரு நாழிகையில் நான்கு. அப்புறம் எட்டு. மன்னர் உண்ணாமல் யாரும் உண்ணக் கூடாதென்பதால் மந்திரியின் வயிறும் கடமுடவென்றது. ஆனாலும் மன்னர் தாக்குப்பிடித்தால் பிச்சாண்டி தோற்றுவிடுவார் என்று, "விடாதீர்கள் அரசே, அடுத்தது பதினாறு!" என்றார் ஈன சுரத்தில்.

மன்னர் பொறுமையிழந்தார். "பதினாறு இலையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? எனக்கு இருப்பது ஒரு வயிறு. அது பசிப்பது இப்போது! ரசமும் ஆறிப்போயிற்று!"

"தோ, சூடு பண்ணிக் கொண்டாறேன் மகாராஜா" என்று, முழங்கால் வலியையும் மறந்து ஓடினார் மாசிலாமணி.

"பார்த்தீர்களா அரசே? உங்கள் பசியை அவரால் தாங்க முடியவில்லை" என்றார் பிச்சாண்டி. "அவருக்கும் ஒரு பசி உண்டு. நண்பகலில் மனைவியோடு ஓர் இலைச் சாப்பாடு. அதை நாற்பது ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டவரைத்தான் இன்னும் ஐந்தாண்டு தள்ளிப்போடச் சொல்கிறோம்."

"ஆக, சமையற்காரரிடம் பேசியிருக்கிறீர்!" என்று குதித்தார் மந்திரி.

"நான் பேசவில்லை. அவர் பேசினார். அவரைத் தாங்கள் தடுக்கவில்லையே!"

மன்னர் எழுந்து, தாமே சமையற்கட்டுக்கு நடந்தார். "மாசிலாமணி, நாளை முதல் நான் முன்னதாகவே சாப்பிட்டுவிடுகிறேன். நண்பகலுக்கு நீர் வீட்டில் இருக்கலாம். இரவுச் சமையலை மற்றவர்கள் பார்ப்பார்கள். இப்போதாவது இருப்பீரா?"

"இருக்குறேன் மகாராஜா. கை ஓடுற வரைக்கும் இருக்குறேன்."

ரசம் தப்பிய மகிழ்ச்சியில் மன்னர் வாய்விட்டுச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டியின் கழுத்தில் போட்டார். ஆறிப்போன எட்டு இலையையும் மந்திரிக்கே பரிசளித்தார். அறுபது தாண்டியவர்களிடம் பசு வேண்டுமா என்பதற்கு முன் என்ன வேண்டும் என்று விசாரிக்கவும் உத்தரவிட்டார்.

மறுநாள் நண்பகலில் மாசிலாமணி ஒரு செம்பு ரசத்தோடு வீட்டுக்குள் நுழைந்தார். குழந்தையம்மாள் பதறிப்போனாள். "என்னங்க இந்நேரத்துல? உடம்புக்கு என்ன?" விஷயத்தைச் சொன்னதும் இரண்டு இலை போட்டாள். நாடே கொண்டாடும் ரசத்தை முதல்முறையாக வாயில் வைத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. உப்புதான் ஒரு கல்லு கூட."

இது எப்படியோ மன்னர் காதுக்குப் போயிற்று. அவர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, பிச்சாண்டியிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னாராம்: "இருபது ஆண்டுகளாக எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சொன்னால் கோபித்துக்கொண்டு போய்விடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன்."