முதல் வண்டி நிற்கும்

ஒரு ஊரிலே அண்ணன் தம்பி இரண்டு பேர் இருந்தார்கள். அண்ணன் வெயிலுமுத்து, தம்பி மாகாளி. அண்ணனைத் தம்பி கடைசியாக உயிரோடு பார்த்தது கணவாய் மேட்டின் அடியில். அண்ணன் உப்பு மூட்டை மேல் உட்கார்ந்து கருவாட்டைக் கடித்துக்கொண்டே, "நீ ஏறுலே, மொத வண்டி நிக்கும்" என்றான். தம்பி ஏறிப் போனான். முதல் வண்டி நிற்கவில்லை.

அது ஏன் நிற்க வேண்டும் என்று கேட்பாய். சொல்கிறேன்.

அந்த ஊர் கடலோரத்து ஊர். உப்பு விளையும், நெல் விளையாது. மலைக்கு அந்தப் பக்கம் நெல் விளையும், உப்பு கிடையாது. அதனால் வண்டி வண்டியாக உப்பை ஏற்றிக்கொண்டு போய் நெல்லை ஏற்றிக்கொண்டு வருவார்கள். நடுவில் கணவாய். மேடு செங்குத்து, புதருக்குள் வழிப்பறிக்காரர்கள். ஊரில் கொம்பையா என்று ஒருவன் இருந்தான். அவனிடம் யானைக்கன்று மாதிரி இரண்டு மயிலைக் காளைகள், அவற்றின் கழுத்தில் வெண்கல மணி, அவன் கையில் வேல்கம்பு. மணிச்சத்தம் கேட்டால் ஒருத்தனும் புதரைவிட்டு வெளியே வரமாட்டான். கொம்பையா தன் வண்டியை உச்சியில் நிறுத்திவிட்டு, காளைகளை அவிழ்த்துக்கொண்டு இறங்கி வந்து, ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் கூடுதலாகப் பூட்டி ஏற்றிவிடுவான். கடைசி வண்டி ஏறும்வரை முதல் வண்டி நிற்கும் என்று எல்லைச்சாமி முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தான். அதற்கு ஆளுக்கு ஒரு மரக்கால் உப்பு.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கயிற்றைத் தளர விட்டுவிட்டு வண்டியிலேயே தூங்கினார்கள். முன்னால் மணி கேட்கிறதே, பிறகென்ன.

இப்படி வெகுகாலம் போயிற்று. அப்புறம் ஒரு பயணத்தில் கொம்பையா மேட்டடியில் நின்றுகொண்டு, "இனிமே ரெண்டு மரக்கால்" என்றான்.

பேச்சித்தாய் என்று ஒருத்தி, தன் வண்டியைத் தானே ஓட்டுகிறவள், கேட்டாள்: "ஏன் அண்ணாச்சி, மேடு வளந்திருச்சா?"

"மேடு வளரல. என் மாட்டுக் கழுத்தப் பாரு, புண்ணு. ஒங்க பாரத்த எல்லாம் இதுதான இழுக்கு? ஒங்க மாடுவ கொழுத்துக் கெடக்கு."

அதுவும் பொய்யில்லை. கொடுத்தார்கள்.

அப்புறம் இரண்டாவது பயணம். "எனக்குப் பிடிச்ச வண்டிக்குத்தான் மாடு பூட்டுவேன்" என்றான்.

"போன தடவ வேற சொன்னீரே?"

"அது போன தடவ."

யாரைப் பிடிக்கும் என்று காலையில் ஒன்று சொன்னான், மதியம் ஒன்று சொன்னான். எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு அவனைப் புகழ்ந்தார்கள். மட்டக்குதிரைகளில் பொதி ஏற்றி வரும் மீராசா ராவுத்தர்கூட, "கொம்பையா மாதிரி வீரன் அரபு நாட்டுலயும் கெடையாது" என்றார். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பித் துப்பினார்.

அப்புறம் மூன்றாவது பயணம். அதில்தான் வெயிலுமுத்து கடைசி வண்டி. மற்ற வண்டிகள் எல்லாம் ஏறிவிட்டன. கொம்பையா உச்சியில் காளைகளைத் தன் வண்டியிலேயே பூட்டினான்.

"எங்க அண்ணன் கீழ நிக்கான்" என்றான் மாகாளி.

"புதருக்காரனுவகூடப் பேசிட்டேன். நல்ல பயலுவதான். கடைசி வண்டிய எடுத்துக்கிடுவானுவ, நம்மள விட்டுருவானுவ. சண்ட தீந்துச்சு, சந்தோசப்படு."

"அது எங்க அண்ணன் வண்டி. அவங்கிட்ட கேட்டீரா?"

"அவங்கிட்ட என்னத்துக்குக் கேக்க?"

மாகாளி இறங்கி ஓடினான். வண்டி இல்லை, மாடு இல்லை. சக்கரத் தடத்தில் அண்ணன் கிடந்தான். அங்கேயே குழி தோண்டிப் புதைத்தான்.

அடுத்த பயணத்துக்கு யாரும் கொம்பையா வாசலில் போய் நிற்கவில்லை. மேட்டடிக்கு வந்ததும் மாகாளி சொன்னான்: "அவரு காள ரெண்டே ரெண்டுதான். நம்ம மாட்ட என்னைக்காவது எண்ணிப் பாத்திருக்கமா?"

எல்லா மாட்டையும் ஒரே வண்டியில் முன்னும் பின்னுமாகப் பூட்டி ஏற்றினார்கள். அவிழ்த்து இறங்கி வந்து அடுத்த வண்டியில் பூட்டினார்கள். சுலபமாக நடந்தது என்று நினைக்காதே. யார் வண்டி முதலில் என்று ஒரு சண்டை. யார் மாடு முன்னால் என்று ஒரு சண்டை. "என் குதிர மாட்டுக்குப் பின்னால நடக்காது" என்றார் ராவுத்தர்.

"ஒங்க குதிரைக்குமா வீறாப்பு மாமா?" என்றாள் பேச்சித்தாய்.

ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொண்டே இழுத்தார்கள். ஒரு வண்டிக்கு அச்சு முறிந்து பாதி உப்பு சரிவில் கொட்டிப் போயிற்று. காலையில் தொடங்கிய வேலை பொழுது சாயத்தான் முடிந்தது. ஆனால் அன்றைக்கு யாரும் தூங்கவில்லை. புதர் விலகியது, நாலு தலை எட்டிப் பார்த்தது, எல்லோர் கையிலும் கம்பு இருப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

அதற்கு அடுத்த பயணத்தில், ஊர் வண்டிகளுக்கு ஒரு நாள் முன்னாலேயே கொம்பையா வீறாப்பாகத் தனியாக வண்டி பூட்டிக்கொண்டு போனான். மேட்டடியில் புதருக்காரர்கள் வந்து காளைகளை அவிழ்த்தார்கள்.

"ஏலே, நாம பேசினது என்ன?"

"கடைசி வண்டி எங்களுக்குன்னுதான அண்ணாச்சி பேசினது? ஒமக்குப் பின்னால வேற வண்டி இருக்கா?"

திரும்பிப் பார்த்தான். இல்லை. தனியாகப் போனால் முதல் வண்டியும் அதுதான், கடைசி வண்டியும் அதுதான். மணியோடு காளைகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வேல்கம்பையும் விடவில்லை.

மறுநாள் ஊர் வண்டிகள் மேட்டடிக்கு வந்தன. கொம்பையா நுகத்தடியில் உட்கார்ந்திருந்தான். மேகம் திரண்டு நின்றது. உப்பு வண்டிக்காரனுக்கு மழை என்றால் என்ன என்று சொல்ல வேண்டாம்.

"மாகாளி, என் வண்டிக்கும் பூட்டுப்பா."

மாகாளி அண்ணன் குழியைப் பார்த்தான், மேகத்தைப் பார்த்தான், கொம்பையாவைப் பார்த்தான். "பூட்டுதோம். வரிசையில கடைசில நில்லும்."

"நான் கடைசியா? நாந்தாம்லே மொத வண்டி!"

"அப்பச் சரி."

ஒவ்வொரு வண்டியாக ஏறின. உச்சியில் நின்று மாகாளி இன்னொரு தடவை கூப்பிட்டான். கொம்பையா முகத்தைத் திருப்பிக்கொண்டான். மழை பிடித்தது. மூட்டைகள் கரைந்து, வண்டித் தட்டு வழியாக ஒழுகி மண்ணில் இறங்கின. வெறும் சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கொம்பையா நடந்தே ஊருக்குப் போனான்.

அண்ணன் போன கதையும் முடிந்தது, அசந்து தூங்கின கதையும் முடிந்தது.

வெயிலுமுத்து குழிமேல் புல் மண்டிக் கிடக்கிறது. கொஞ்சம் தள்ளி, கொம்பையாவின் உப்பு வண்டி நின்ற இடத்தில் இன்னும் புல் முளைப்பதில்லை.