ராதிவோயின் விருந்தில் நாற்பது தட்டுகள்

செர்பிய மலைநாட்டில் ராதிவோய் என்றொரு தளபதி இருந்தான். நாற்பது வீரர்களோடு போருக்குப் போனவன் தனியாகத் திரும்பி வந்தான். "அவர்கள் எல்லைக் கோட்டையைக் காக்கிறார்கள். திருநாளுக்கு வந்துவிடுவார்கள்" என்று ஊரைக் கூட்டிச் சொன்னான். அவர்களைச் சாகவிட்டு ஓடிவந்ததை எந்த வாயால் சொல்வான்?

அந்த நாட்டில் செத்தவர்களுக்காகக் கோதுமையை அவித்து, தேன் கலந்து, தேவாலயத்தில் பேர் சொல்லிப் படைப்பார்கள். "எந்த வீட்டிலாவது கோதுமை வெந்தால் தலை போகும்" என்று கட்டளையும் போட்டான். பெற்றவர்களால் வாய்விட்டு அழக்கூட முடியவில்லை.

அவன் குலப் புனிதரின் திருநாள் வந்தது. விருந்தாளிகள் நிறைந்தார்கள். சமையற்காரி ஸ்தானா மேசையில் நாற்பது தட்டுகளை அதிகமாக வைத்தாள். அவள் மகனும் அந்த நாற்பதில் ஒருவன்.

"இதெல்லாம் யாருக்கு?" என்றான் ராதிவோய்.

"நம் வீரர்களுக்கு, எஜமான். அவர்கள் உட்காராமல் திருநாள் ரொட்டியைப் பிய்ப்பது இந்த வீட்டு வழக்கமில்லையே. இன்றைக்கு வருவார்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்."

எல்லோரும் காத்திருந்தார்கள். இறைச்சி ஆறிப்போனது. மெழுகுவர்த்தி பாதிக்கு மேல் கரைந்தது. வெளியே குளம்படிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அத்தனை தலைகளும் வாசல் பக்கம் திரும்பின.

"நீங்கள் மட்டும் ஒரு தடவைகூட வாசலைப் பார்க்கவில்லையே, எஜமான்" என்றாள் ஸ்தானா.

விருந்தாளிகள் அவனைப் பார்த்தார்கள். அவன் தலை கவிழ்ந்தது. "கோதுமையை அவி" என்றான்.

"நேற்றே ஊறப்போட்டுவிட்டேன்" என்றாள்.