கேடயத்தைக் கீழே வைத்த காவலன்

ஏதென்ஸ் நகருக்குப் போய்ப் பழைய கிரேக்கக் காவியங்களை அவற்றின் மொழியிலேயே படிக்க ஒரே ஓர் இடம் இருந்தது. செலவு முழுவதையும் ஓர் அறக்கட்டளை ஏற்கும். கேட்டு வந்தவர்கள் மூன்று பேர்: இளம்பரிதி, ஆரோக்கியமேரி, சுடலைமணி. மேரிக்கு அடுத்த ஆண்டு வயது வரம்பு தாண்டிவிடும். மற்ற இருவரும் இன்னொரு முறை முயலலாம்.

தேர்வு செய்பவர் பேராசிரியர் தெய்வானை. ஒரு காவியத்தின் சில வரிகளைத் தமிழில் எழுதி மூவரிடமும் கொடுத்தார். சொல் சொல்லாகப் படிக்கச் சொன்னார்.

"உள்ளே தாழிட்ட கோட்டைக் கதவின் வெளியே காவலன் நின்றான். எதிரி எவனையும் உள்ளே விடேன் என்று அரசனிடம் சத்தியம் செய்திருந்தான். நண்பகலில் எதிரிப் படையின் இளைஞன் ஒருவன் இரத்தம் ஒழுக ஓடிவந்தான். காவலனின் முழங்காலை நோக்கிக் கை நீட்டினான். காவலன் கேடயத்தைக் கீழே வைத்தான். கதவு திறந்தது. இளைஞன் உள்ளே போனான்."

முழங்காலைப் பிடித்து அடைக்கலம் கேட்டவனைக் கைவிடுவது தெய்வக் குற்றம் என்பது அக்காலக் கிரேக்கரின் நம்பிக்கை. அதையும் தெய்வானை சொன்னார். பிறகு கேட்டார்: "கதவைத் திறந்த காவலன் செய்தது குற்றமா?"

"வாட்ச்மேன் வேலைக்கு இன்டர்வியூ மாதிரியில்ல இருக்கு," என்று இளம்பரிதி முணுமுணுத்தான்.

"உனக்கு அதுவும் கிடைக்காது. பேசாம படி," என்றாள் மேரி.

இளம்பரிதி தயங்காமல் சொன்னான்: "குற்றமில்லை மேடம். முழங்காலைப் பிடிச்சுட்டான். சத்தியத்தைவிட அடைக்கலம் பெரிசு."

மேரி மறுத்தாள். "பிடிக்கலை மேடம். கை நீட்டினான், அவ்வளவுதான். கேடயத்தால தடுத்திருக்கலாம். அதைக் கீழே வெச்சதே, பிடிச்சுக்கோன்னு சொன்ன மாதிரி. தெரிஞ்சுதான் கதவைத் திறந்தான். குற்றம்தான்."

சுடலைமணி தாளை நாலாவது முறை படித்துக்கொண்டிருந்தான்.

"நீங்க?"

"எனக்குக் குழப்பமா இருக்கு மேடம். காவலன் வெளியே நிக்கிறான். தாழ் உள்ளே இருக்கு. அப்ப திறந்தது யாரு? பாட்டுல இல்லையே."

"சரி, குற்றமா இல்லையா?"

"தெரியலை மேடம்." அவன் தாளை மேசைமேல் வைத்தான். வாய்ப்பு போயிற்று என்றே நினைத்தான்.

தெய்வானை தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் கேட்டுவரும் கேள்வி அது. ஒருவன் கேட்டதற்குப் பதில் சொன்னான். ஒருத்தி காரணத்தோடு சொன்னாள். ஒருவன் பதிலே சொல்லவில்லை. அந்த இடத்தை யாருக்குக் கொடுப்பது சரி?

விடை: சுடலைமணிக்கு. நீட்டிய கையைப் பிடித்த கையாக்கினான் இளம்பரிதி. கேடயத்தைக் கூர்ந்து பார்த்த மேரியோ, 'கதவைத் திறந்த காவலன்' என்ற கேள்வியை நம்பி, பாட்டில் இல்லாத ஒரு செயலைக் காவலன்மேல் ஏற்றினாள். பாட்டு எங்கே நின்றதோ அங்கேயே நின்றவன் மணி மட்டும்தான். இடம் அவனுக்கே போயிற்று. "கேள்வியே தப்புன்னா, அதை நம்பின என் மேல என்ன தப்பு மேடம்?" என்றாள் மேரி. "உன் மேல இல்லைம்மா," என்ற தெய்வானை, தவறு தன்னுடையது, அடுத்த ஆண்டு மேரிக்கு வயது வரம்பைத் தளர்த்த வேண்டும் என்று அன்றே அறக்கட்டளைக்கு எழுதினார். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.